அண்டா பெரிசு, தோசை ஆறிப்போச்சு

“டேய், உன் மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுதுடா” என்றாள் மதுரையிலிருந்து அக்கா. அடுத்த வார்த்தைக்குள் அவள் வாய் பாதி திறந்தபடியே உறைந்துபோனது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது. என் வீட்டில் இருப்பது 200 எம்பிபிஎஸ் இணைப்பு. லேப்டாப் போன வருஷம் வாங்கியது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முள் 190-ஐத் தொட்டு நிற்கிறது. இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். “லைன் நல்லாத்தான் இருக்கு சார்” என்றார் அந்தப் பையன். அவர் சொன்னது பொய்யில்லை, எரிச்சலே அதுதான்.

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு அள்ளிக் கொட்டலாம் என்ற கணக்கு. கல்யாணப் பந்திக்கு அண்டா அண்டாவாகச் சாம்பார் இறக்குகிற வேலை. சினிமா பார்க்க அது போதும். சினிமா ஆப் கொஞ்சம் படத்தை முன்கூட்டியே வாங்கி ஹாட்பாக்ஸில் அடுக்கிக்கொண்டுதான் பரிமாற ஆரம்பிக்கும். நடுவில் பத்து விநாடி அடுப்பு அணைந்தாலும் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது.

வீடியோ கால் அப்படியில்லை. அது கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போகிற தோசை. அக்கா அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அதை எங்கே முன்கூட்டிச் சுட்டு அடுக்குவது? பெரும்பாலான கால் ஆப்களில் குரலைச் சுருக்கி அனுப்புவது ஓப்பஸ் என்ற முறை. வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டு, அதாவது விநாடிக்கு 50 தோசை. எல்லாம் பொடித் தோசைதான். குரலோடு தெளிவான முகத்தையும் சேர்த்தால்கூட நாலு எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். 190-ல் மீதி எல்லாம் சும்மா கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு தோசையும் வேளைக்கு வந்தாக வேண்டும். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு 150 மில்லி செகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்தி, “நீ சொல்லு”, “இல்ல, நீ சொல்லு” என்று ஆகிவிடும்.

தாமதமாக வந்த குரல் துண்டை ஆப் தூக்கிப் போட்டுவிடும். பேச்சு எங்கோ போன பிறகு அது எதற்கு? காலியான இடத்தில் முந்தைய சத்தத்தையே கொஞ்சம் இழுத்து ஒட்டுப் போடும். கிணற்றுக் குரல் அங்கேதான் பிறக்கிறது. படத்தின் கதை வேறு. முழு முகத்தை எப்போதாவது ஒருமுறைதான் அனுப்புவார்கள். மற்ற நேரமெல்லாம் உதடு அசைந்தது, கண் சிமிட்டியது என்ற மாற்றம் மட்டும்தான் போகும். நேற்றுத் தயிரை உறைமோராக்கி இன்றைக்குத் தோய்ப்பது மாதிரி. ஒருநாள் தயிர் கெட்டால் அடுத்த நாளும் கெடும். பக்கத்து வீட்டில் நல்ல தயிராக ஒரு கரண்டி வாங்கி வரும்வரை சரியாகாது. முகம் கட்டம் கட்டமாக நின்று சட்டென்று தெளிவது, அந்தப் புது உறைமோர் வந்து சேர்ந்த நேரம்.

பாதை நெருக்கடியாக இருக்கிறது என்று தெரிந்தால் ஆப் படத்தின் தரத்தையே குறைத்துவிடும். திடீர் விருந்தாளி வந்தால் சாம்பாரில் வெந்நீர் விளாவுகிறோமே, அதேதான். எவ்வளவு உசத்தியான கேமரா வாங்கி மாட்டினாலும் அந்தப் பக்கம் போவது விளாவிய சாம்பார்தான்.

சரி, நெருக்கடி எங்கே? ஒரு துண்டு போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க, இரவு லேப்டாப்பில் பிங் போட்டேன். 9, 11, 10 மில்லி செகண்ட். பரவாயில்லையே என்று நினைக்கும்போது மகன் போனைச் சார்ஜில் போட்டான். 240. 410. 620. சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் அவன் போன் அன்றைய போட்டோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. என் திட்டத்தில் 200 என்பது இறங்குவதற்கு மட்டும். ஏறுவதற்கு 20 என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அடுக்களை வாசல் அவ்வளவுதான் அகலம். அதில் நாற்பது தட்டு வரிசையில் நிற்கிறது. என் ஒற்றைத் தோசை அதற்குப் பின்னால்.

2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கக் கணினிப் பொறியாளரும் தன் வீட்டில் இதில்தான் மாட்டினார். பெரிய கோப்புகளை வெளியே அனுப்பும்போதெல்லாம் வீட்டு இணையம் முழுக்கத் திணறியது. தேடிப் பார்த்தால், ஒரு துண்டுகூடத் தவறக்கூடாது என்று கருவித் தயாரிப்பாளர்கள் நல்லெண்ணத்தில், துண்டுகள் காத்திருக்கும் இடமான பஃபரைப் பெரிதாக்கியிருந்தார்கள். எதையும் தூக்கிப் போடாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிற்கவைக்கிற வீடு. பஃபர்ப்ளோட் என்று அதற்குப் பெயர் வந்தது. 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்க்காது. ஒவ்வொரு தட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்றுதான் பார்க்கும். தொடர்ந்து 5 மில்லி செகண்டுக்கு மேல் தேங்கினால் சிலவற்றைத் தூக்கிப் போடும். அனுப்புகிறவர் அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். சாப்பாட்டைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்த நமக்கு இது மனசுக்கு ஒப்பாது, ஆனால் வேலை செய்கிறது.

என் ரௌட்டரில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் அந்த வசதி இருந்தது. ஏறும் வேகத்தை 20-க்குப் பதில் 17 என்று வைத்தேன். வரிசை நிறுவனத்தின் பெட்டியில் தேங்காமல் என் கண்ணெதிரே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குறைப்பு. போட்டோக்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 20-ஐத் தாண்டவில்லை.

அப்படியும் ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் கால் அறுந்தது. இதற்கு உவமையே தேவைப்படவில்லை. குற்றவாளி நிஜமாகவே அடுக்களையில் இருந்தது. மைக்ரோவேவ் அவன் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. வைஃபையின் பழைய அலைவரிசை 2.4. அவனிலிருந்து கசிவது சொற்பம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. வைஃபைக்கோ அது பக்கத்தில் மிக்ஸி ஓடும்போது ரகசியம் பேசுகிற கதை. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். வைஃபையில் இன்னொரு சங்கடமும் உண்டு: ஒரு சானலில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். வீட்டுக்கே ஒரே கரண்டி. கடைசி அறையில் மூன்று சுவருக்கு அப்பால் இருக்கிற பழைய போன் மெதுவாகத்தான் பேசும்; கரண்டியை ரொம்ப நேரம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் லேப்டாப்புக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டேன். தனிக் கரண்டி.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். என் முகம் பளிச்சென்று தெரிகிறதாம். அவள் முகம்தான் எனக்கு இன்னும் கட்டம் கட்டமாக வந்தது. “உன் ரௌட்டர் எங்கக்கா இருக்கு?” என்றேன்.

“ஃபிரிட்ஜ் மேலதான். தூசி படக்கூடாதுன்னு எவர்சில்வர் டப்பாவைக் கவுத்து மூடி வெச்சிருக்கேன்.”