இரு அணுக்களைப் பிணைப்பது எது?

“ஐயா, எலெக்ட்ரான்கள் எல்லாம் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்றும் படித்திருக்கிறோம். அப்படியானால் இரண்டு எலெக்ட்ரான்கள் சேர்ந்து இரு அணுக்களைப் பிணைப்பது எப்படி?”

இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்ட பழைய மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. “அணுக்கள் தம் வெளிக்கூட்டில் எட்டு எலெக்ட்ரான்களைப் பெற விரும்புகின்றன, ஹைட்ரஜனுக்கு மட்டும் இரண்டு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அணுவுக்கு விருப்பம் ஏது? நான் கூறியது விடையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அமெரிக்க இரசாயன அறிஞர் லூயிஸ், 1916ஆம் ஆண்டில், இரு அணுக்கள் ஓர் இணை எலெக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்றார். 1919இல் லாங்மியூர் இதற்குக் ‘கோவேலன்ஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் சகப்பிணைப்பு என்கிறோம். நீர், மீத்தேன், குளோரின் முதலியவற்றின் அமைப்பை லூயிஸின் புள்ளிப் படம் எளிதில் விளக்கிற்று. ஆனால், பொதுவில் வைப்பதனால் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதில் விடையில்லை.

அவ்விடை 1927இல் ஹைட்லர், லண்டன் ஆகிய இருவரின் குவாண்டம் கணக்கிலிருந்து கிடைத்தது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்குவதாகக் கொள்வோம். கருக்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன, எலெக்ட்ரான்களும் அவ்வாறே. ஆயினும், ஒவ்வோர் எலெக்ட்ரானையும் இப்பொழுது இரண்டு கருக்கள் ஈர்க்கின்றன! எலெக்ட்ரான் வெறும் புள்ளியன்று. அலைத்தன்மையுடன் முகில்போல் பரவியிருப்பது. இரு முகில்களும் மேற்படியும்போது, கருக்களுக்கு இடையே முகில் செறிவடைகிறது. மொத்த ஆற்றல் குறைகிறது. இதற்கு இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருத்தல் வேண்டும். ஒரே வகையாயின் பிணைப்பு உண்டாகாது.

ஈர்ப்பும் விலக்கமும் சமப்படும் தொலைவு 0.74 ஆங்ஸ்ட்ராம். அதற்கு மேலும் நெருங்கினால் விலக்கம் மிகும். இவ்வாறு பிணைந்த 2 கிராம் ஹைட்ரஜனைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்கச் சுமார் 436 கிலோஜூல் ஆற்றல் தேவை. ஏறத்தாழ 1.4 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். பிணைப்பை முறிக்க ஆற்றல் செலவாகும். பிணைப்பு உண்டாகும்போதே ஆற்றல் வெளிப்படும். இதை மாணவர் பலர் தலைகீழாக நினைவில் வைத்திருக்கின்றனர்.

இணை என்பதில் மாயம் எதுவுமில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூற்றிலிருந்து ஓர் எலெக்ட்ரானை நீக்கினாலும், எஞ்சிய ஒன்றே இரு கருக்களையும் பிடித்து வைத்திருக்கிறது. பிணைப்பின் வலிமை குறையுமேயன்றி, அது அற்றுப்போவதில்லை.

புள்ளிப் படம் தவறும் இடமும் உண்டு. அதன்படி ஆக்சிஜன் மூலக்கூற்றில் எலெக்ட்ரான்கள் யாவும் இணைந்தே உள்ளன. ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கு இடையே ஊற்றினால் அங்கேயே ஒட்டி நிற்கிறது. இணையாத எலெக்ட்ரான்கள் இருந்தாலன்றி இது நிகழாது. ஹுண்ட், முல்லிக்கன் முதலியோர் வளர்த்த மூலக்கூற்று ஆர்பிட்டால் கொள்கை, அவ்வாறு இணையாதவை இரண்டு உண்டு எனக் காட்டுகிறது. எலெக்ட்ரான்கள் தனி அணுக்களுக்கு உரியனவல்ல, மூலக்கூறு முழுவதற்கும் உரியன என்பதே அக்கொள்கையின் அடிப்படை.

ஆதலால் ஆசிரிய நண்பர்களே, புள்ளிப் படத்தைக் கைவிட வேண்டியதில்லை. அது எலெக்ட்ரான்களை எண்ணிப் பார்க்க உதவும் கணக்கு. காரணமோ கருக்களின் ஈர்ப்பு. இவ்விரண்டையும் பிரித்துச் சொன்னால் போதும். அம்மாணவன் மீண்டும் வந்தால், முதலில் என் பழைய விடையைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.