அரமும் திருகும்

1851இல் வந்த கோல்ட் நேவி ரிவால்வரை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் அதில் குறிபார்க்க உதவும் பின்சைட்டைத் தேடுவார். குழலின் நுனியில் ஒரு சிறு பித்தளை மணி இருக்கிறது, அது முன்சைட். பின்பக்கம் ஒன்றும் தென்படாது. கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால், அதன் மூக்கில் வெட்டிய சிறு பிளவு கண்ணுக்கு நேரே எழுந்து வரும். அதுதான் பின்சைட். விசையை அழுத்தினால் சுத்தியல் விழும். அதோடு சேர்ந்து பின்சைட்டும் விழுந்துவிடும். 1865 ஜூலை 21 அன்று மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர்ச் சதுக்கத்தில் வைல்ட் பில் ஹிக்காக், ஏறத்தாழ 75 கெஜத் தொலைவில் நின்ற டேவிஸ் டட்டை ஒரே குண்டில் வீழ்த்தியது இப்படிப்பட்ட ரிவால்வரால்தான் என்பார்கள். குறியைத் திருத்திக்கொள்ள அதில் ஒரு திருகுகூடக் கிடையாது.

1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் பின்சைட் ஓரிடத்தில் நிலைத்தது. சிலிண்டருக்கு மேலே செல்லும் இரும்புப் பட்டையில் நீளவாக்கில் வெட்டிய ஒரு காடி, குழல் நுனியில் ஒரு மெல்லிய தகடு, அவ்வளவுதான். காடியின் நடுவில் தகடு தெரிய வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்தக் காடி தேயாது, உடையாது, இடம் மாறாது. குதிரையிலிருந்து விழுந்தாலும் சேற்றில் புதைந்தாலும் எடுத்துத் துடைத்தால் போதும், சைட் வைத்த இடத்தில் இருக்கும்.

ஆனால் இடம் மாறாத சைட்டுக்கு ஒரு விலை உண்டு. அது யாரோ ஒருவருடைய கைக்கும் ஏதோ ஒரு தோட்டாவுக்கும் மட்டுமே சரியாக இருக்கும். கணக்கைப் பார்த்தால் விளங்கும். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருந்தால், 25 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கில் எல்லாம் 125 மடங்காகப் பெருகும். தகட்டின் உயரத்தில் 1 மில்லிமீட்டர் பிழை இருந்தால் இலக்கில் குண்டு 12.5 சென்டிமீட்டர் தள்ளி விழும்.

அன்று இந்தப் பிழையைத் திருத்தியது அரம். தகடு உயரமாக இருந்தால் குண்டு கீழே படும். ஆகவே தகட்டின் தலையில் அரத்தை இரண்டு முறை இழுத்து, ஐந்து குண்டு சுட்டுப் பார்த்து, மறுபடி இரண்டு முறை இழுப்பார்கள். குண்டு மேலே ஏறிக்கொண்டே வரும். வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் கீழே பட்டுக்கொண்டிருக்கும்போதே அரத்தைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் வேறு வெளிச்சத்தில் சுட்டுப் பார்ப்பது நிதானம் தெரிந்தவர் வழக்கம். ஏனென்றால் அரம் எடுத்ததைத் திருப்பித் தராது. ஓர் இழுப்பு கூடிவிட்டால் தகட்டையே மாற்ற வேண்டும். குண்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ போனால் வேலை இன்னும் கடினம்: குழலையே மரையில் இம்மியளவு திருகி, அதன்மேல் உள்ள தகட்டைச் சாய்க்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் பிழையைச் சுடுபவரின் கைதான் சுமந்தது. தன் துப்பாக்கி நான்கு விரற்கடை இடப்பக்கம் அடிக்கும் என்று தெரிந்தவர், நான்கு விரற்கடை வலப்பக்கம் தள்ளிக் குறி வைத்தார்.

காகிதத்தில் புள்ளி எண்ணிச் சுடும் போட்டிகள் பெருகியபோது இந்தப் பொறுமை போதவில்லை. 1880களின் இறுதியில் கோல்ட் நிறுவனம் அதே ரிவால்வரின் மேற்பட்டையைத் தட்டையாக்கி, நகர்த்தக்கூடிய சைட்டுகள் வைத்து, இலக்குப் போட்டிக்கென்றே சிறு எண்ணிக்கையில் செய்தது. 1890களில் ஈ.ஈ. பாட்ரிஜ் என்ற அமெரிக்கச் சுடுவீரர், மணிக்கும் பிளவுக்கும் பதிலாகச் சதுரத் தகட்டையும் சதுரப் பள்ளத்தையும் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக் கோடு தெரிகிறதா, மேலே மட்டமாக இருக்கிறதா என்று கண் ஒரு நொடியில் சொல்லிவிடும். இன்றைய சைட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சதுரத்தின் வழிவந்தவை.

திருகை இன்றியமையாததாக ஆக்கியது தோட்டா. 1899இல் தொடங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மிலிட்டரி அண்ட் போலீஸ், பின்னாளில் மாடல் 10 எனப் பெயர் பெற்று 60 லட்சத்துக்கும் மேல் விற்ற ரிவால்வர். அதில் இருப்பதும் மேற்பட்டையில் வெட்டிய காடிதான். 158 கிரெயின், அதாவது 10 கிராமுக்குச் சற்றே கூடுதலான குண்டு என்ற ஒரே வழக்கம் இருந்தவரை அந்தக் காடி போதுமானதாக இருந்தது. 1935இல் அதே நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தது. வேகம் மிகுந்த மேக்னம் தோட்டாவையும் அதில் போடலாம், பழைய .38 ஸ்பெஷலையும் போடலாம். சிக்கல் அங்கேதான் எழுந்தது. கனமான மெதுவான குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் தங்கும்; அதற்குள் உதைப்பில் குழல் மேலே எழும்; குண்டும் மேலே போய்ப் படும். இலேசான வேகமான குண்டு குழல் எழும் முன்பே வெளியேறிக் கீழே படும். ஒரே தகட்டை இரண்டுக்கும் பொருந்தும்படி அராவ முடியாது. எனவே பின்சைட்டில் இரண்டு சிறு திருகுகள் வந்தன, ஒன்று உயரத்துக்கு, மற்றது பக்கவாட்டுக்கு. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும். கையில் ஒரு சிறிய திருப்புளி இருந்தால் போதும். தவறாகத் திருப்பிவிட்டால் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

1955இல் ருகர் நிறுவனம் வெளியிட்ட பிளாக்ஹாக், பார்வைக்கு 1873இன் கோல்ட்டேதான், அதே வளைந்த கைப்பிடியும் அதே உருவமும். பின்னால் மட்டும் காடிக்குப் பதில் திருகுள்ள சைட். 82 ஆண்டு இடைவெளியில் பிறந்த இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால், அரம் செய்த வேலையைத் திருப்புளி எடுத்துக்கொண்ட கதை முழுவதும் தெரியும்.

கிடைத்தது சிறிதன்று. அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டியில் முதலில் 50 கெஜத்தில் நிதானமாகச் சுட்டு, பிறகு 25 கெஜத்துக்கு வந்து விரைந்து சுட வேண்டும். அன்று அந்தத் தொலைவு மாற்றம் மனக்கணக்கு; இன்று திருகின் சில கிளிக்குகள். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர், நடுவில் பத்துப் புள்ளிக்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது அந்தச் சிறு வட்டத்தில்தான். இந்தப் போட்டிப் பிஸ்டல்களில் பின்சைட்டை நகர்த்துவதோடு, அதன் பள்ளத்தின் அகலத்தையே திருகால் கூட்டிக் குறைக்கலாம். அரங்கின் விளக்கு மங்கலாக இருந்தால் பள்ளத்தைச் சற்று அகலமாக்கிக்கொள்ளலாம். கறுப்பு வட்டத்துக்குக் கீழே வெண்பரப்பில் குறி வைத்து, குண்டை நடுவில் விழச் செய்யுமாறு சைட்டை அமைத்துக்கொள்ளலாம். ஒருவர் கண்ணுக்கு ஏற்றவாறு கருவி வளைந்து கொடுப்பது ஒரு நீதி. கையை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் அந்த நீதி கிடையாது.

இழந்ததும் உண்டு. திருகு தளரும். உறையிலிருந்து உருவும்போது கூர்மையான மூலை துணியில் மாட்டும். கீழே விழுந்தால் மெல்லிய பின்தகடு உடையும். காவலரும் படைவீரரும் நெடுங்காலம் காடியை விடாதிருந்தது இதனால்தான். நம் நாட்டுக் காவலர்கள் இடுப்பில் சுமந்த வெப்லி ரிவால்வரிலும், அதன் வழியில் கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரிலும் திருகு கிடையாது. 1985இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட பெரட்டா எம்9 பிஸ்டலில் முன்சைட் தனி உறுப்பே அன்று. குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடோடு ஒரே இரும்பாகக் கடைந்தது. அதே நாட்டில் 1968இன் சட்டம் இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு மதிப்பெண் முறை வகுக்க வழிசெய்தபோது, திருகுள்ள சைட் மதிப்பெண்ணைக் கூட்டித் தந்தது. ஆஸ்திரியாவின் க்ளாக் பிஸ்டல்கள் சில திருகு சைட்டோடு கரை இறங்கியதும், பிறகு நிலையான சைட்டுக்கு மாறியதும் அதனால்தான். துல்லியத்துக்காகப் பிறந்த திருகு, அங்கே காகிதத்தில் ஒரு மதிப்பெண்ணாக நின்றது.

2017இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்த எம்17 பிஸ்டலின் ஸ்லைடில் ஒரு சிறு மூடி இருக்கிறது. அதைக் கழற்றிச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியைப் பொருத்தலாம். இப்போது தகட்டையும் பள்ளத்தையும் இலக்கையும் ஒரே கோட்டில் சேர்க்க வேண்டியதில்லை. புள்ளியை இலக்கில் வைத்தால் போதும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, கைநீளத் தொலைவில் உள்ள தகடு மங்கிப்போன கண்களுக்கு இது பெரிய வரம். பல கருவிகளில் ஒரு கிளிக் திருப்பினால் 25 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நகரும். மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகக் கண்ணாடியின் ஊடே பழைய தகடும் பள்ளமும் தெரியும்படி வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

காடி மறைந்துவிடவும் இல்லை. பழைய மேற்கு அமெரிக்கப் பாணிப் போட்டிகள் பரவியபோது, 1993இல் அதே ருகர் நிறுவனம் வக்கேரோ என்ற ரிவால்வரைச் செய்தது. தானே வைத்த திருகைத் தானே எடுத்துவிட்டு, மறுபடியும் மேற்பட்டையில் காடி வெட்டியது. அதை வாங்கியவர்களில் பலர் அரத்தை மறுபடியும் கையில் எடுத்தார்கள்.

பழைய கோல்ட் ரிவால்வர்களைத் திரட்டுகிறவர்கள் முன்சைட்டை உற்றுப் பார்ப்பார்கள். அராவிய தகடு என்றால் விலை குறையும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இல்லை என்பது அவர்கள் குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. சற்றே சாய்ந்த அந்த மேல்விளிம்பில் அரம் இழுத்த மெல்லிய கோடுகள் இன்னும் தெரியும். யாரோ ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் தன் தோட்டாவையும் தன் கண்ணையும் அந்த இரும்பில் அளந்து, இன்னும் ஓர் இழுப்பு வேண்டுமா என்று யோசித்து, போதும் என்று நிறுத்திய இடம் அது. திருகு அப்படி எதையும் வைத்திருப்பதில்லை. அடுத்து வாங்குபவர் தனக்கு ஏற்றபடி நான்கு கிளிக் திருப்பினால், முன்பு அதை வைத்திருந்தவரின் கண் அந்தத் துப்பாக்கியை விட்டுப் போய்விடும்.