மலாவி ஏரியில் இறங்குமுன்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ‘ஆப்பிரிக்கன் சிக்லிட்’ என்று கேட்டால், மஞ்சளும் நீலமுமாக விரல் நீள மீன்கள் துள்ளும் கண்ணாடித் தொட்டியைக் காட்டுவார்கள். தொட்டிக்குள் கற்களை அடுக்கி இடுக்கும் பொந்துமாக விட்டிருப்பார்கள். ஒளிய இடமில்லாவிட்டால் வலுத்த மீன் இளைத்ததை விரட்டி விரட்டியே கொன்றுவிடும். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் பாறைக் கரைகளுக்கு நடுவே கிடக்கும் மலாவி ஏரியில் போய் நிற்போம். கரையோர விடுதிகளில் தங்கி, காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் அங்கே பார்ப்பது இதே மீன்களைத்தான். என்ன, அங்கே தொட்டி கொஞ்சம் பெரிது.

நீளம் ஏறத்தாழ 580 கிலோமீட்டர். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள சாலைத் தொலைவுக்குக் கிட்டத்தட்ட சமம். அகலம் சில இடங்களில் 75 கிலோமீட்டர். ஆழம் 700 மீட்டர் வரை போகிறது. மலாவி, மொசாம்பிக், தான்சானியா என மூன்று நாடுகள் இதன் கரையில் இருக்கின்றன. கரையில் நின்றால் அலை வருகிறது, அடிவானம் தெரிகிறது, மணல் சுடுகிறது. கடல் என்றே மனம் நம்பும். ஒரு வாய் நீர் பட்டால்தான் உப்பில்லை என்பது உறைக்கும். ஓதம் கிடையாது, பவளம் கிடையாது, சொறிமுட்டை கிடையாது.

ஏரியின் தென்கோடியில் இருக்கிறது கேப் மக்ளியர். 1875-இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் ஆப்பிரிக்கப் பயணி லிவிங்ஸ்டனின் பெயரில் ஒரு மிஷனை இங்கே தொடங்கினார்கள். மலேரியா விடவில்லை, 1881-இல் வடக்கே பண்டாவேக்குப் போய்விட்டார்கள். இறந்தவர்களின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1949-50 வாக்கில் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா போன பயணிகள் விமானங்கள், நீரில் இறங்கும் வகையைச் சேர்ந்தவை, இந்த விரிகுடாவில் இறங்கி இளைப்பாறிச் சென்றன. 1980-இல் இப்பகுதி தேசியப் பூங்கா ஆனது. நன்னீர் மீன்களைக் காப்பதற்காகவே அமைந்த பூங்கா என்பது இதன் தனிச்சிறப்பு. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் 100 மீட்டர் வரையுள்ள நீர்ப்பரப்பும் பூங்காவுக்குள் அடக்கம். அதற்குள் வலை வீசக் கூடாது.

பூங்காவுக்கு நடுவிலேயே செம்பே என்ற மீனவ கிராமம் இருக்கிறது. விடுதிகளும் அதே மணலில்தான். ஒரு பக்கம் விருந்தினரின் சாய்வு நாற்காலி, பத்தடி தள்ளிப் பரண்களில் காயும் உசிபா மீன். நம் ஊர் நெத்திலிக் கருவாட்டைப் போலவே வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டும் சின்ன மீன் அது. துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பிள்ளைகள் குளிப்பதும் விருந்தினர் நீந்துவதும் எல்லாம் ஒரே நீரில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பாதி இதைப் பற்றியதுதான்.

காலையில் படகு ஏறினால் சிறிது நேரத்தில் தும்பி மேற்குத் தீவு வந்துவிடும். ஸ்கூபா வேண்டாம் என்பவர்கள் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தாலே போதும். பாறை மீன்கள் வெளிச்சம் விழும் ஆழத்திலேயே வாழ்கின்றன. முழங்கால் அளவு நீரில்கூட அவை காலைச் சுற்றும். கயாக் படகு வலித்து, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள மும்போ தீவு வரை போய்க் கூடாரத்தில் தங்கித் திரும்புகிறவர்களும் உண்டு. மாலையில் படகுக்காரர் சீழ்க்கை அடித்து ஒரு மீனை வீச, வெள்ளைத் தலை மீன்பிடிக் கழுகு பாய்ந்து அள்ளிக்கொண்டு போகும் காட்சி எல்லாப் பயணிகளின் கைபேசியிலும் இருக்கும்.

ஸ்கூபாவுக்கு இறங்குகிறவர் முதலில் மறக்க வேண்டியது கடலில் கற்ற ஈயக் கணக்கை. உப்பு நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனமானது. அதனால்தான் கடல் நம்மைக் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்கிறது. ஆளும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், நன்னீரில் இடுப்புப் பட்டையில் இரண்டு, இரண்டரை கிலோ ஈயத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியதும் இதே தூக்குவிசையை வெல்லத்தான். ஏரியில் அந்த விசை குறைவு. பழக்கத்தில் கடல் அளவு ஈயத்தோடு குதித்தவர் சட்டென்று அடிமணலுக்குப் போய்விடுவார்.

அடுத்தது உயரம். ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 474 மீட்டர். 300 மீட்டரைத் தாண்டினால் அது மலையேரி முக்குளிப்பின் கணக்கில் வரும் என்பது டைவிங் பயிற்சி அமைப்புகளின் பொது விதி. மேலே காற்றழுத்தம் ஐந்தாறு சதவீதம் குறைவு. ஆழத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழாகப் பிரியும் வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. கையில் கட்டும் டைவ் கணினியில் உயரத்துக்கான அமைப்பைச் சரிபார்ப்பது அதனால்தான். இதைவிட எளிதாக மறந்துபோகும் ஒன்று உண்டு. டைவிங் முடித்தபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஏரியின் வடபகுதியில் உள்ள இன்கட்டா பேயில் காலையில் முக்குளித்துவிட்டு மதியமே முசுசு நகருக்குக் காரில் கிளம்பினால், 50 கிலோமீட்டருக்குள் எழுநூறு மீட்டருக்கும் மேல் ஏறிவிடுகிறோம். சாலைதானே என்று தோன்றும். உடம்புக்கு எல்லா ஏற்றமும் ஒன்றுதான். அன்றிரவு ஏரிக்கரையிலேயே தங்குவது நல்லது.

இவ்வளவும் செய்து இறங்கினால் என்ன தெரியும்?

வீட்டளவுப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து நீருக்குள் சரிந்து இறங்குகின்றன. ஒவ்வொரு பாறையிலும் பாசி. அந்தப் பாசியைச் சுரண்டித் தின்றபடி நூற்றுக்கணக்கில் ‘இம்புனா’க்கள், கரையோர டோங்கா மொழியில் பாறை மீன் என்று பொருள். இந்த ஏரியில் சிக்லிட் குடும்பத்து இனங்கள் மட்டும் 700-க்கு மேல். ஆயிரத்தைத் தொடும் என்று கணிப்பவர்களும் உண்டு. ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில இனங்கள் ஒரே ஒரு தீவின் பாறைகளோடு முடிந்துவிடுகின்றன. நடுவில் கிடக்கும் மணல்வெளியை அவை தாண்டுவதே இல்லை. நம் ஊரில் ஜிலேபி மீன் என்று வாங்கும் திலேப்பியாவும் கேரளத்துக் கரிமீனும் இவற்றின் தூரத்துச் சொந்தங்கள்.

மெதுவாக ஓரிடத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் இந்த ஏரி வசப்படும். பெண் மீன் முட்டையிட்ட கையோடு அவற்றை வாயில் அள்ளிக்கொள்கிறது. ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் பொட்டுகள். விட்டுப்போன முட்டை என்று அதையும் கவ்வப் போகும்போது ஆணின் விந்து வாய்க்குள் சேர்ந்து முட்டைகள் கருவுறுகின்றன. பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் அந்தத் தாய் வாய் நிறையக் குஞ்சோடு பட்டினி கிடக்கும். மணற்பகுதியில் வேறு இனத்து ஆண்கள் வாயால் மணலை அள்ளிக் கொட்டிக் குன்று போல் மேடை கட்டிப் பெண்ணுக்குக் காத்திருக்கின்றன. அங்கேயே ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோல் கிடக்கும். உடம்பிலுள்ள திட்டுகள் அழுகல் போலவே தெரியும். தின்னலாம் என்று நெருங்கும் குஞ்சை அது சட்டென்று பிடித்துவிடும். உள்ளூரில் அதற்கு ‘காலிங்கோனோ’ என்று பெயர். தூங்குவது என்று அர்த்தம். கம்பாங்கோ என்ற கெளுத்தித் தாயோ கருவுறாத முட்டைகளை இட்டுத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது.

இரவு முக்குளிப்பு வேறு உலகம். ஊரார் ‘டால்பின் மீன்’ என்று அழைக்கும், மூக்கு நீண்ட ஒரு வேட்டை மீன் இருட்டில் கூட்டமாக வரும். டால்பினுக்கும் அதற்கும் உறவில்லை. அது மெல்லிய மின்துடிப்புகளை வெளியிட்டு வழியறிகிற இனம். கேப் மக்ளியரில் இந்தக் கூட்டு வேட்டையைப் பதிவு செய்து, கூட்டத்துக்குள் மின்துடிப்புகள் ஒன்றுக்கொன்று இசைந்து வருவதைக் காட்டிய ஆய்வு 2005-இல் வெளியானது. டைவரின் டார்ச் வெளிச்சம் பாறையிடுக்கில் உறங்கும் சின்ன மீனின்மேல் விழுந்தால் போதும், தோளுக்குப் பக்கத்திலிருந்து இது பாய்ந்து கவ்விவிடும். யார்மீது விளக்கடிக்கிறோம் என்பதில் ஓர் உயிரின் கணக்கு இருப்பதால், வழிகாட்டிகள் ஒளியைப் பார்த்துப் பயன்படுத்தச் சொல்வார்கள்.

இப்போது அந்த ஒரே நீருக்கு வருவோம்.

பில்ஹார்சியா என்ற நோய். ஒட்டுண்ணிப் புழுவின் முட்டை மனிதரின் சிறுநீர் வழியாக ஏரியில் சேர்கிறது. பொரிந்து சிறு நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. கண்ணுக்கே தெரியாத லார்வாவாக வெளிவந்து நீரில் நிற்கும் மனிதரின் தோலைச் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே போகிறது. வெட்டுக்காயம் தேவையில்லை, நீரைக் குடிக்கவும் தேவையில்லை. பின்னால் காய்ச்சல், சிறுநீரில் இரத்தம். அரிதாக முதுகுத்தண்டையே தாக்கும். நெடுங்காலம் இந்த ஏரியின் திறந்த கரைகளில் இந்நோய் இல்லை என்றே எல்லோரும் நம்பினார்கள். 1992-இல் கேப் மக்ளியரில் நீந்திய அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்கள் இருவருக்கு நரம்பு மண்டலத்தில் நோய் கண்டது. பிறகு மலாவியில் வாழும் வெளிநாட்டினரைப் பரிசோதித்ததில் மூன்றில் ஒருவரின் இரத்தத்தில் தொற்றின் தடயம் இருந்தது. ஆய்வு 1996-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

நம்பிக்கை ஏன் பொய்த்தது? விடை மீன்களிடம் இருக்கிறது. மணற்கரையில் வாழும் ‘புலினஸ் நியாசானஸ்’ என்ற நத்தையைத் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்னும் சிக்லிட்டுகள் இந்த ஏரியில் உண்டு. ‘டிரமட்டோகிரானஸ் பிளாக்கோடான்’ அவற்றில் முக்கியமானது. கரையை ஒட்டி நுண்கண் வலைகளை, கொசுவலைகளைக்கூட, இழுக்கத் தொடங்கியபின் அம்மீன்கள் குறைந்தன. நத்தை பெருகியது, நோயும் பெருகியது. 1980-களின் நடுப்பகுதிக்குப் பிறகு நடந்த இந்த மாற்றத்தை மீனியல் ஆய்வாளர்கள் கேப் மக்ளியரிலேயே கண்காணித்து எழுதியிருக்கிறார்கள். மீனவரைக் குற்றம் சொல்லி நகர்ந்துவிட முடியாது. சாம்போ என்ற பெரிய மீன் வலையில் விழுவது குறைந்துபோன ஊரில், அடுத்த வேளைக்குக் கிடைத்ததைப் பிடிக்கிறார்கள். ஆனால் பயணி பணம் கொடுத்துப் பார்க்க வரும் மீனும், அவர் நீந்தும் நீரை நோயிலிருந்து காத்த மீனும், செம்பே ஊரின் சோற்றுக்குக் குழம்பாகும் மீனும் ஒரே ஏரியின் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. நூறு மீட்டர் தடையை மதிக்கும் விடுதியைத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டும் செய்யும் காரியம் அல்ல.

‘எங்கள் கரையில் பில்ஹார்சியா இல்லை’ என்று எந்த விடுதி சொன்னாலும் அதை நம்பி, ஊர் திரும்பியபின் எடுக்க வேண்டிய மருந்தைத் தவிர்க்கக் கூடாது. படகிலிருந்து ஆழத்தில் இறங்குவதில் ஆபத்து குறைவு. ஊரை ஒட்டிய ஆழமில்லா நீரில், அதுவும் நடுப்பகலில், அதிகம். வெட்சூட் உடை ஓரளவு தடுக்கும், முழுக்கத் தடுக்காது.

காற்றையும் சொல்லியாக வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை ‘இம்வேரா’ என்ற தென்கிழக்குக் காற்று வீசும். கண்ணாடி போல் கிடந்த ஏரி சில மணி நேரத்தில் கயாக்கைக் கவிழ்க்கும் அலையாக எழும். படகுக்காரர் ‘இன்று வேண்டாம்’ என்றால் அது இறுதிச் சொல். ஆகஸ்டுக்குப் பின் மழை வரும்வரை நீர் தெளிவாக இருக்கும். நீர்யானையும் முதலையும் ஏரியில் உண்டு. எந்தக் கரையில் என்பதை ஊராரிடம் கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் பில்ஹார்சியா கிட்டத்தட்ட இல்லை. அதனால் நம் மருத்துவர் முதல் பார்வையில் அதை நினைக்கமாட்டார். கடைசியாக ஏரியில் இறங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். இளம்புழுவை மருந்து கொல்லாது என்பதால் திரும்பிய உடனே மாத்திரை எடுப்பதில் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் போய் ‘மலாவி ஏரியில் நீந்தினேன்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பரிசோதனையும் பிராசிகுவான்டெல் மாத்திரையும் அதன் பிறகு அவர் பொறுப்பு.