ஆசனத்தடி எஞ்சினும் அதன் ஸ்பார்க் பிளக்குகளும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்)

பயிரை நன்கு விளைவிப்பது குடியானவரின் வேலையில் ஒரு பாதியே யாகும். விளைந்த பொருளை உரிய நேரத்தில் சந்தை சேர்ப்பது மறு பாதி. உரம், விதை, மருந்து ஆகியவற்றில் மிகுந்த கவனம் செலுத்தும் மிராசுதாரர்களும், சரக்கை ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டியின் விஷயத்தில், அது வழியில் நின்ற பிறகே கவனம் கொள்ளுகிறார்கள். அவ்வாறு நிற்கும் வண்டிகளில் பலவற்றின் குற்றம், ஒரு சிறு உறுப்பிலேயே இருப்பதை அடியேன் கண்டிருக்கிறேன். அவ்வுறுப்பே ஸ்பார்க் பிளக். கைக்கு எளிதில் எட்டாத எஞ்சினில் அதை மாற்றும் முறையையும், தக்கதைத் தேர்ந்தெடுக்கும் வகையையும் இங்கே கூறுவோம்.

வண்டியின் அமைப்பு

நமது கிராமங்களில் காய்கறி, புஷ்பம், பால் முதலியவை ஏற்றப் பெரிதும் பயன்படுவது மாருதி ஆம்னி என்னும் சிறு வண்டி. 1984-ம் வருஷத்தில் வெளிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2019-ல் நிறுத்தப்பட்டதாயினும், ஓடிக்கொண்டிருப்பவை இன்றும் பல. இதில் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின், முன் ஆசனங்களுக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. 2010-ல் வந்த ஈகோ வண்டியிலும் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஆசனத்தடியிலேயே இருக்கிறது. இதனால் சரக்குக்கு இடம் மிகுதி. ஆனால் எஞ்சினைப் பார்க்க விரும்பினால் ஆசனத்தைத் தூக்கி, மூடியைத் திறந்து, குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே கையை நுழைக்க வேண்டும். மேலும், வயற்பாதையின் புழுதி யெல்லாம் அக்குழியிலே படிகிறது.

பிளக்கின் வேலை

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலப்பைச் சிலிண்டருக்குள் எரிய வைக்கும் பொறி, பிளக்கின் நுனியிலுள்ள இரு முனைகளுக்கு நடுவே உண்டாகிறது. இதற்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. எஞ்சின் நிமிஷத்திற்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு பிளக்கும் 1,500 முறை பொறி விட வேண்டும். நாளடைவில் முனைகள் தேய்ந்து இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் அதிகம் வேண்டும். அது போதாதபோது பொறி தவறும். பொறி தவறிய சிலிண்டர் பெட்ரோலைப் பெற்றும் வேலை செய்யாமல் இருக்கும். கூலியைப் பெற்றுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆளை ஒப்பது அது.

ஒரு பூவண்டியின் வரலாறு

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மல்லிகை அனுப்பும் ஒரு முதிய குடியானவர், தமது வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை யென்றும், நிற்கும்போது நடுங்குகிற தென்றும் என்னிடம் முறையிட்டார். அதற்கு இரு வாரம் முன் ஒரு விடியற்காலையில் வண்டி வழியிலே நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துச் சந்தை சேர்வதற்குள் மொட்டுக்கள் மலரத் தொடங்கிவிட்டன. கட்டுவதற்கு ஏற்ற மொட்டுக்குக் கிடைக்கும் விலை, மலர்ந்த பூவுக்குக் கிடைப்பதில்லை. வாசனைச் சாறு எடுப்போர் கொடுத்த குறைந்த விலைக்கே அன்றைய பூ முழுவதையும் அவர் விற்க நேர்ந்தது.

“பெரியவரே, பிளக்குகளை மாற்றினீர்களா?” என்று கேட்டேன்.

“மூன்றும் மாற்றியாயிற்று, ஐயா. மூன்றுக்கும் பணம் கொடுத்திருக்கிறேன்” என்றார்.

ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு பிளக்குகளின் பீங்கான் வெண்மையாகப் பளபளத்தது. மூன்றாவது ஒரு குழாயின் மறைவில் இருந்தது. அதன் அறுகோணத் தலையில் துரு ஏறியிருந்தது. கழற்றியபோது நுனி முழுவதும் கரி. முனைகளின் இடைவெளி உரிய அளவைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பு. அதைத் தொட வேண்டுமாயின் குழாயை அகற்ற வேண்டும். அந்தச் சிரமத்தை மேற்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள் என்பது விளங்கிற்று. புதிய பிளக் ஒன்று போட்டவுடன் நடுக்கம் நின்றது. பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “ஒரு நாள் பூவின் விலை அந்தக் குழாய்க்கு அடியில் கிடந்திருக்கிறது” என்றார்.

ஆகையால் முதல் விதி யாதெனில், பிளக் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒருங்கே மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பிளக்குகளை எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்துள்ள எண்ணே இவ்விஷயத்தில் பிரமாணம். கடைக்காரர் “இதுவும் சேரும்” என்று கொடுப்பதை வாங்கலாகாது. கவனிக்க வேண்டிய அம்சங்கள் நான்கு.

1. மரையின் அளவும் நீளமும்: 14 மில்லிமீட்டர் குறுக்களவும் 19 மில்லிமீட்டர் மரை நீளமும் உள்ளவை மிகவும் வழக்கமானவை. மரை நீளம் மிகுந்தால் பிஸ்டன் இடித்து எஞ்சின் பழுதாகலாம். குறைந்தால் பொறி உரிய இடத்தில் உண்டாகாது, திறந்திருக்கும் மரைகளில் கரியும் படியும்.

2. உஷ்ண வகை: பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ந்தால்தான் அதில் படியும் கரி தானே எரிந்து போகும். சுமார் 850 டிகிரிக்கு மேற்பட்டால் பொறிக்கு முன்னரே கலப்பு தீப்பற்றிப் பிஸ்டனுக்குக் கேடு விளையும். பீங்கான் மூக்கு நீண்டது ‘சூட்டு’ வகை. குட்டையானது ‘குளிர்’ வகை. என்.ஜி.கே. பிளக்குகளில் எண் ஏற ஏறக் குளிர் வகையாகும். பாஷ் பிளக்குகளில் எண் ஏற ஏறச் சூட்டு வகையாகும். இதை அறியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குவோர் ஏமாறுவர். உதாரணமாக, என்.ஜி.கே. பி.பி.ஆர்.6.ஈ.எஸ். என்பதில் முதல் எழுத்து 14 மில்லிமீட்டர் மரையையும், இரண்டாவது வெளியே நீண்ட பீங்கான் நுனியையும், மூன்றாவது வானொலி இரைச்சலைத் தடுக்கும் மின்தடையையும், 6 என்பது உஷ்ண வகையையும், ஈ என்பது 19 மில்லிமீட்டர் மரை நீளத்தையும் குறிக்கும்.

3. இடைவெளி: பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், பிற்கால வண்டிகள் பலவற்றில் சுமார் 1 மில்லிமீட்டர். சி.என்.ஜி. வாயுவில் ஓடும் எஞ்சினில் பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டியிருத்தலால், அவ்வண்டிக்கெனக் குறித்த அளவைச் சிறிதும் மீறலாகாது.

4. முனை உலோகம்: சாதாரண நிக்கல் முனைப் பிளக்கு பெரும்பாலும் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம், பிளாட்டினம் முனையுள்ளவற்றின் விலை பன்மடங்கு. ஆனால் பல, லட்சம் கிலோமீட்டர் வரையிலும் தாங்கும். எட்டாத இடத்தில் கூலியும் நேரமும் அதிகமாதலால், நல்ல நிலையிலுள்ள எஞ்சினுக்கு நீண்டகால வகை லாபகரமானது. எண்ணெய் எரிக்கும் பழைய எஞ்சினுக்கோ அது வீண் செலவு. எம்முனையாயினும் எண்ணெய்க் கரியால் கெடும். அத்தகைய வண்டிக்குச் சாதாரணப் பிளக்கைப் போட்டு அடிக்கடி பார்த்துவருவதே சிக்கனம்.

போலிச் சரக்கு நடமாடுவதால், அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்குக.

கழற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சிலிண்டரின் தலை அலுமினியத்தாலானது. சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை பெயர்ந்து வரும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்துக்கொள்வது உத்தமம். பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி விடுக. சி.என்.ஜி. வண்டியாயின் வாயுவின் வால்வை முதலில் மூடுக. பெட்ரோல் அல்லது வாயு நாற்றம் இருந்தால் காரணம் அறியும் வரை வேலையைத் தொடங்கலாகாது.

ஆசனத்தைத் தூக்கி மூடியைத் திறந்ததும், சைக்கிள் பம்பைக்கொண்டு பிளக்குகளைச் சுற்றியுள்ள புழுதியை ஊதி அகற்றுக. இதை விட்டுவிட்டால், பிளக்கு வெளிவந்தவுடன் மணல் சிலிண்டருக்குள் விழுந்து அதன் சுவரைக் கீறும். மின்கம்பிகளில் 1, 2, 3 என்று அடையாளச் சீட்டு ஒட்டி, ஒரு சமயத்தில் ஒன்றையே கழற்றுக. கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் ரப்பர் மூடியைச் சிறிது திருகி இழுக்க வேண்டும்.

பழைய வகைப் பிளக்குக்கு 20.8 மில்லிமீட்டர் ஸ்பேனரும், புதியவை பலவற்றிற்கு 16 மில்லிமீட்டர் ஸ்பேனரும் பொருந்தும். இடுக்கான இடத்திற்கு உள்ளே ரப்பர் வைத்த பிளக் ஸ்பேனர், சிறு நீட்சித் தண்டுகள் இரண்டு, மடங்கும் மூட்டு ஒன்று ஆகியவை போதும். ஸ்பேனர் சாய்ந்தால் பீங்கான் வெடிக்கும். நேராகவே நிற்கச் செய்க. இறுகிய பிளக்கைப் பலவந்தம் செய்யாமல், துரு நெகிழ்க்கும் எண்ணெய் இட்டுச் சிறிது நேரம் பொறுத்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுக்க வேண்டும்.

பழைய பிளக் கூறும் சாட்சி

கழற்றியவற்றைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு காகிதத்தில் வைத்துப் பார்க்க. இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தைக் காட்டும். உலர்ந்த கருங்கரி, கலப்பில் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு என்பதைக் காட்டும். புழுதிப் பாதையில் ஓடும் வண்டிகளில் இது சகஜம். எண்ணெய்ப் பிசுக்கு, பிஸ்டன் வளையம் முதலியவற்றின் தேய்மானத்தைக் காட்டும். வெளுத்துக் கொப்புளித்த நுனி, அதிக உஷ்ணத்தின் அறிகுறி. இவற்றைப் பாராமல் புதிய பிளக்கை மட்டும் போடுவது, வேரழுகலைப் பாராமல் இலைக்கு மருந்தடிப்பதை ஒக்கும்.

பூட்டும் முறை

புதிய பிளக்காயினும் பில்லர் கேஜால் இடைவெளியைப் பார்க்க வேண்டும். நிக்கல் வகையில் வெளிமுனையை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியத்தின் நடுமுனை மெல்லியது; அதைக் கருவியால் தொடவே கூடாது.

கை எட்டாத இடத்தில் பிளக்கைத் தொடங்க ஒரு நல்ல உபாயம் உண்டு. பிளக்கின் தலையில் இறுகப் பொருந்தும் ஒரு முழ ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்து விரலால் திருப்புக. முதலில் சிறிது பின்புறமாகச் சுழற்றி, மரை விழுவதை உணர்ந்தபின் முன்புறம் திருப்ப வேண்டும். கோணலாகத் தொடங்கினால் குழாய் வழுக்கிச் சுழலுமேயன்றி மரையை அறுக்காது. ஸ்பேனரால் தொடங்கினாலோ நமக்குத் தெரியாமலே மரை அறுபடும். அதைச் சீர்படுத்த ஆகும் செலவில் பலமுறை பிளக்குகள் வாங்கலாம்.

வாஷர் அமரும் வரை கையாலேயே திருப்பியபின், வாஷருள்ள புதிய பிளக்கை ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்குக. பழையதையே மீண்டும் பூட்டினால் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும். டார்க் ஸ்பேனர் இருப்பின், 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். அஃதாவது, ஒரு சாண் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 11 முதல் 13 கிலோ எடை தொங்கும் விசை. பூச்சுள்ள மரையில் கிரீஸ் தடவலாகாது. தடவினால் அளவுக்கு மேல் இறுகிவிடும். பின்னர்க் கம்பிகளை அடையாளப்படி செருகி, அகற்றிய குழாய்களை மறவாது பூட்டி, எஞ்சினை ஓட்டிப் பார்க்க. ஓடும் எஞ்சினில் கம்பியைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுக. அது ஆளுக்கும் மின்கருவிகளுக்கும் ஆபத்து.

முடிவுரை

பொறி தவறும் வண்டியை அப்படியே ஓட்டினால் பெட்ரோல் வீணாவதோடு, எரியாத பெட்ரோல் புகைபோக்கியிலுள்ள சுத்திகரிப்பானையும் கெடுக்கும். ஆதலின், பிளக்கு மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வண்டியின் மூடியிலேயே எழுதி வைப்பது நலம். மேற்கூறிய கருவிகளை ஒவ்வொருவரும் வாங்க வேண்டுவதில்லை. நான்கைந்து வண்டிக்காரர்கள் கூடி ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கிராம அதிகாரிகள் இதை ஊக்குவித்தால் ஊருக்கே உபகாரமாகும். அறுவடைக் காலமும் பூக்காலமும் தொடங்குமுன் ஒரு காலை வேளையை இதற்கு ஒதுக்குவோருக்கு, விளைந்த பொருள் விலையுள்ள நேரத்தில் சந்தை சேரும்.