காந்தம் ஓய்ந்த அறை

1904-இல் அலிபாக்கில் ஒரு காந்தவியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. பம்பாய்க்குள் கொலாபாவில் பல்லாண்டுகளாக நடந்துவந்த அளவீடுகளை அங்கே மாற்றியதற்குக் காரணம், நகரத்துக்கு வரவிருந்த மின்சார டிராம். தண்டவாளத்தில் பாயும் மின்னோட்டம் புவிக்காந்தப் பதிவுகளைக் கெடுத்துவிடும் என்பதால், காந்தத்தன்மையற்ற கல்லால் புதிய கட்டடம் எழுப்பினார்கள். அன்று கருவி ஊரைவிட்டு விலகிப் போனது. மூளையையும் இதயத்தையும் அவற்றின் காந்தப்புலம் வழியே ஆராயும் இன்றைய கூடங்கள் அப்படி விலகிப் போக முடியாது. நோயாளிகளும் மருத்துவர்களும் இருக்கும் நகரத்திலேயே அவை இயங்க வேண்டும். ஆகவே காந்த அமைதியை இருக்கும் இடத்திலேயே கட்டியாக வேண்டும். அதற்கான கவச அறையைக் கருவியின் வெளியுறை என்று நினைப்பது தவறு. அது கருவியின் சரிபாதி.

புவியின் காந்தப்புலம் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. இதயத்துடிப்பு மார்புக்கு வெளியே எழுப்பும் புலம் இதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. மூளையின் புலம் அதனினும் பல நூறு மடங்கு மெலிந்தது. புவியின் புலம் மாறாமல் நின்றால் கணக்கில் கழித்துவிடலாம். தொல்லை தருபவை மாறும் புலங்கள்: ஏறி இறங்கும் லிஃப்ட், கடந்துபோகும் லாரி, சுவருக்குள் ஓடும் மின்கம்பி. 1960-களின் இறுதியில் டேவிட் கோஹன் எம்.ஐ.டி.யில் கவச அறை ஒன்றைக் கட்டி, ஜேம்ஸ் ஜிம்மர்மனின் ஸ்குவிட் என்னும் மிக நுட்பமான காந்த உணரியை அதற்குள் வைத்தபோதுதான் இதயத்தின் காந்தப்பதிவு தெளிவாகக் கிடைத்தது. நுட்பமான உணரியும் அமைதியான அறையும் சேர்ந்து பெற்ற வெற்றி அது.

காந்தப்புலத்தை எந்தச் சுவரும் தடுத்து நிறுத்தாது. திசைதிருப்ப மட்டுமே முடியும். நிக்கல் மிகுந்த மியூமெட்டல் என்ற உலோகக்கலவை, புலத்தைத் தன்னுள் இழுத்து, அறையைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் விட்டுவிடுகிறது. ஒரே தடித்த சுவரைவிட இடைவெளிவிட்ட பல மெல்லிய அடுக்குகள் சிறந்தவை. பெர்லினில் உள்ள ஜெர்மானிய அளவியல் நிறுவனத்தின் அறைக்கு ஏழு மியூமெட்டல் அடுக்குகளும் ஓர் அலுமினிய அடுக்கும் உண்டு. விரைந்து மாறும் புலங்களைத் தணிப்பது அலுமினியத்தின் வேலை. மியூமெட்டலைத் தட்டினாலும் வளைத்தாலும் அதன் திறன் குறையும். ஆகவே வடிவமைத்த பின் உயர்வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். சுவரில் தங்கிவிடும் எச்சக் காந்தத்தை, மாறுதிசை மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து அழிக்கிறார்கள். மீதமுள்ளதைச் சுருள்களில் ஓடும் எதிர் மின்னோட்டம் ஈடுசெய்கிறது.

இத்தனை செலவு எதற்கு, மென்பொருளால் இரைச்சலை வடிகட்டலாமே என்று கேட்பார்கள். வடிகட்டலாம், ஆனால் நகரத்து இரைச்சலும் மூளையின் மெதுவான அலைகளும் ஒரே அதிர்வெண்ணில் கலந்துவிட்டால், இரைச்சலோடு மூளையின் அலையும் வெட்டுப்படும். இரு சுருள்களில் பதிவாகும் புலங்களின் வித்தியாசத்தை அளக்கும் முறை தொலைவிலிருந்து வரும் தொல்லையைக் குறைக்கும். ஆனால் ஆழத்திலிருந்து வரும் சமிக்ஞையையும் ஓரளவு குறைக்கும். இனி வரும் உணரிகள் அறையைத் தேவையற்றதாக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. ஸ்குவிட்டைப் போலன்றி, குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டாத புதிய ஒளிவழி உணரிகளில் மிக நுட்பமானவை, புலம் ஏறக்குறைய சுழியமாக இருக்கும் இடத்தில்தான் வேலை செய்கின்றன. உணரி கூர்மையாக ஆக, அறையின் தேவை கூடுகிறது.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஸ்குவிட் கருவிகளை உருவாக்கியபோது கவச அறையையும் உடன் அமைத்துக்கொண்டது. அந்த வழியே சரி. உணரிக்குப் பணம் ஒதுக்கும் கோப்பிலேயே அறைக்கும் ஒதுக்க வேண்டும். லிஃப்டும் சாலையும் எங்கே வரும் என்பதை அடித்தளத்துக்குக் கம்பி கட்டும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்.