பொழுதுபோக்குக்கும் ஒரு கூட்டு வேணும்!

"ஏங்க, காலையில பேப்பரோட உட்கார்ந்தவரு... இன்னுமா எந்திரிக்கல?"

மதுரையில் திருநகரோ, கே.கே. நகரோ... ரிட்டையர் ஆன ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தக் குரல் கேட்காத நாள் உண்டா? முதல் மாதம் கல்யாணம், கோயில் என்று ஓடிவிடும். இரண்டாவது மாதம் பீரோவை ஒழித்து அடுக்குவார். மூன்றாவது மாதம்தான் சிக்கல். பேச ஆள் இருக்காது. தூக்கம் குறையும். சட்னியில் உப்பு கூடினால்கூடக் கோபம் வரும். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும் இல்லத்தரசிகளுக்கும் இதே கதைதான்.

"ஏதாவது ஹாபி வெச்சுக்குங்க" என்று டாக்டர் சொல்வதை ஒப்புக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று, 2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்தது. பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், வாழ்க்கையில் திருப்தி அதிகமாகவும் இருந்தன.

சரி, ஆசையாக ஆரம்பிக்கிறீர்கள். பத்தே நாளில் அலுத்துவிடுகிறது. ஏன்? நீங்கள் பார்த்ததை, வளர்த்ததைச் சொல்லி மகிழ ஒரு ஆள் இல்லை! தெருவில் கிடைக்காத அந்தத் துணையை இன்டர்நெட்டில் தேடலாம்.

இது புதிதல்ல. 'யூஸ்நெட்' என்ற செய்திக் குழுக்கள் 1980-களிலேயே இருந்தன. 1987-ல் அவற்றைத் துறைவாரியாகப் பிரித்தபோது, பொழுதுபோக்குகளுக்கென்றே 'ரெக்' என்று தனிப் பிரிவு ஒதுக்கினார்கள். 2024 பிப்ரவரியில் கூகுள் குரூப்ஸ், யூஸ்நெட்டுக்கான தன் வாசலை மூடிவிட்டது. ஆனாலும் அந்தப் பழக்கம் மின்னஞ்சல் குழுக்களாகவும் வாட்ஸ்அப் குழுக்களாகவும் தொடர்கிறது.

நம்ம ஊர்ப் பெயரில் ஒரு கூட்டு

1998 பொங்கல் அன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சங்கம் வளர்த்த ஊரின் பெயர். நடத்தியவரோ சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம்! பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டு, பழைய தமிழ் நூல்களை ஓய்வு நேரத்தில் டைப் அடித்து, பிழை திருத்தி, எல்லோருக்கும் இலவசமாக வழங்கினார்கள். சம்பளம் கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்களும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெறுமனே அரட்டை அடிக்கும் குழு சீக்கிரம் சலித்துவிடும். உங்கள் கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுக்கும் குழுதான் நிலைக்கும். 'நாம செய்யலைன்னா இது நிக்கும்' என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் காலையில் நம்மை எழுப்பும்!

எப்படித் தேடுவது?

'தோட்டம்' என்று பொதுவாகத் தேடாதீர்கள். 'மதுரை மாடித்தோட்டம்' என்று ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். ஊட்டிக்காரர் சொல்லும் யோசனை நம் சித்திரை வெயிலுக்குச் சரிப்படாது!

உடனே சேர்ந்துவிட வேண்டாம். பழைய பதிவுகளைப் படிக்க முடிந்தால் ஒரு வாரம் படியுங்கள். கடைசியாக எப்போது எழுதியிருக்கிறார்கள்? புதியவர் கேட்கும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் வருகிறதா? வெறும் 'குட் மார்னிங்' படங்கள்தான் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

எப்படிச் சேருவது?

மின்னஞ்சல் குழு என்றால் தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து குவியாமல் மொத்தமாக வரும் வசதி பல குழுக்களில் உண்டு. அதைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் போன் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் குழுக்களில் சேர்க்காதபடி செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். பேரனிடம் கேளுங்கள், ஒரு நிமிஷத்தில் செய்து தருவான்.

சேர்ந்ததும் நாலு வரியில் அறிமுகம் போதும். வீட்டு முகவரி, ஓ.டி.பி., பணம் என்று யார் கேட்டாலும் "முடியாதுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

மதுரையில் தொடங்க ஒரு வழி

காசு செலவில்லாத பொழுதுபோக்கு வேண்டுமா? பறவை பாருங்கள்! 2015 முதல் தமிழகத்தில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடந்துவருகிறது. குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை 'இ-பேர்ட்' என்ற தளத்தில் பதிய வேண்டும். அவ்வளவுதான். மொட்டை மாடியில் நின்று மைனாவையும் தவிட்டுக்குருவியையும் எண்ணினாலும் அது கணக்கில் சேரும். கொஞ்சம் பழகிய பிறகு வண்டியூர், சாமநத்தம் கண்மாய்களுக்குப் போகலாம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் மேலூர்ப் பக்கம்தான் இருக்கிறது. வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு அவசியம். பார்வைக்குப் பார்வை, நடைக்கு நடை!

இதையும் கவனியுங்கள்

ஸ்கிரீனைப் பார்க்கும்போது 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள். 'சர்க்கரைக்கு இதைச் சாப்பிடுங்க' என்று குழுவில் யாராவது சொன்னால், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, மனசு இரண்டு வாரத்துக்கு மேல் பாரமாகவே இருந்தால் பொழுதுபோக்கு மட்டும் போதாது. டாக்டரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றபடி, இந்த வாரமே ஒரு குழுவைத் தேடிப் பாருங்கள். ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் வேறு குரல் கேட்கும்...

"ஏங்க, காபிகூடக் குடிக்காம விடியக்காலையிலேயே எங்க கிளம்பிட்டீங்க?"