கிரீடத்துக்குப் பிறகு – 7: வார்டுக்குத் திரும்பிய உலக அழகி

திருமலை கல்யாணக்கட்டைக்குள் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். டோக்கனையும் பிளேடையும் வாங்கிக்கொண்டு வரிசையில் நகர்ந்து, ஈரத் தலையோடு குனிந்தால் சில நிமிடங்களில் முடி மடியில் விழுந்துவிடும். இடுப்பு வரை பின்னல் வளர்த்த பெண்களும் அந்த வரிசையில் இருப்பார்கள். மூன்று கத்தரி முடி மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துவிடுபவர்கள் உண்டு. முழுசாக இறக்கிவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு சிரித்துக்கொண்டே வெளியே வருபவர்களும் உண்டு. பிள்ளைக்கு ஆபரேஷன், கணவருக்குக் கண்டம், மகளுக்கு வரன் என்று ஒவ்வொரு தலைக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கும்.

மலையடிவாரத் திருப்பதியிலோ, பக்கத்துச் சித்தூரிலோ அழகிப் பட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பெண்கள்தான். வீட்டில் ஒருவர் நன்றாக இருக்க வேண்டும் என்று தன் அழகை இறக்கிவைக்கத் தயங்காதவர்கள். இந்த மண்ணில் ஒருத்திக்குக் கிரீடம் சூட்டினால், அதை வைத்து ஊருக்கு என்ன செய்தாய் என்று கேட்க இவர்களுக்கு முழு உரிமை உண்டு.

மாவட்டத் தலைநகரங்கள் வரைக்கும் இப்போது பட்டங்கள் வந்துவிட்டன. ‘மிஸ்’ போட்டிகளோடு, கல்யாணமான பெண்களுக்கான ‘மிஸஸ்’ போட்டிகளும் சேர்ந்துகொண்டன. ஹைதராபாத், பெங்களூரு, சென்னை என்று ரயிலேறிப் போய், பட்டை அணிந்து திரும்புகிறார்கள். திரும்பி வந்ததும் சமூக சேவை. மாவட்டப் பதிப்பில் படம் வரும். பட்டுப்புடவைக்குக் குறுக்கே பட்டை, கையில் பிரெட்டும் பழமும் வைத்த பை, எதிரே கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளி. ஊசி குத்திய கையாலேயே அவர் அந்தப் பையை வாங்க வேண்டியிருக்கும், கேமராவுக்கு அந்தப் பக்கம்தான் வெளிச்சம் என்பதால். கொடுப்பவர் மனசு நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நோயாளிக்கு நாளைக் காலையில் யார் பழம் கொடுப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவரை மிக நேர்மையான பதிலைத் தந்தவர், பட்டம் வென்றவர்களில் நமக்கு மூத்தவரான ரீட்டா ஃபாரியா.

1966 நவம்பர் 17. லண்டன் லைசியம் அரங்கில் உலக அழகிப் போட்டி. கோவா பூர்வீகம் கொண்ட பம்பாய்க் குடும்பத்துப் பெண், வயது 23, கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவி. போட்டிக்கான புடவையும் நீச்சலுடையும் இரவல். நீச்சலுடையைக் கொடுத்தவர் முந்தைய ஆண்டு மிஸ் இந்தியாவான பெர்சிஸ் கம்பாட்டா என்பார்கள். பையில் இருந்தது 3 பவுண்டு மட்டும் என்றும், உயரமான ரீட்டாவுக்கு இரவல் உடை சரிப்படாமல் போக, அந்தக் காசைப் போட்டு வேறு உடையும் செருப்பும் வாங்கினார் என்றும் சொல்வார்கள். அன்று இரவு பட்டம் அவருக்கு. ஆசியாவிலிருந்து உலக அழகியான முதல் பெண் அவர்தான்.

அடுத்த மாதமே அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் கிறிஸ்துமஸ் குழுவோடு வியட்நாம் போனார். போர்முனையில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் முன்னால் மேடையேறினார். அந்தப் போரை ஏற்காத இந்தியாவில் இதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 23 வயதுப் பெண், போட்டி நடத்தும் நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தம், எதிரே இரண்டு அரசாங்கங்களின் மனஸ்தாபம். கிரீடம் நம் தலையில் இருந்தாலும் அது போகும் திசையை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள் என்பதை அவர் அந்தக் குளிர்காலத்திலேயே பார்த்திருப்பார்.

ஓராண்டு முடிந்தது. சினிமா, மாடலிங் வாய்ப்புகள் காத்திருந்தன. அவர் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் படிப்பைத் தொடரப் போய்விட்டார். டாக்டர் ஆனார். உலக அழகிகளில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். 1971-ல் நாளமில்லாச் சுரப்பி நிபுணர் டேவிட் பவலைக் கல்யாணம் செய்துகொண்டு, 1973-ல் அயர்லாந்தின் டப்ளினுக்குக் குடிபோனார். இரண்டு மகள்கள், ஐந்து பேரப்பிள்ளைகள். உலகமே பார்த்த ஒரு முகம், நோயாளிகளும் குழந்தைகளும் உள்ள ஒரு சாதாரண வாழ்க்கைக்குள் போய் அங்கேயே நிலைத்தது.

அவர் பட்டம் வென்ற காலத்தில் ‘என்ன சேவை செய்வாய்?’ என்று போட்டியில் யாரும் கேட்கவில்லை. 1951-ல் எரிக் மோர்லி தொடங்கிய போட்டி அது. முழுக்க முழுக்கக் காட்சிதான். 1970-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெண்ணுரிமைக்காரர்கள் மேடை மீது மாவுப் பொட்டலங்களை வீசினார்கள். அப்போது மைக்கைப் பிடித்திருந்தவர் அதே பாப் ஹோப். இரண்டு வருஷம் கழித்து, 1972-ல், எரிக்கின் மனைவி ஜூலியா மோர்லி ‘நோக்கத்தோடு கூடிய அழகு’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். போட்டியாளர்கள் சேவையையும் காட்ட வேண்டும் என்ற வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. இன்று சித்தூரில் பட்டம் பெற்றவர் பிரெட் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றால், அந்தப் பழக்கத்தின் ஊற்றுக்கண் அங்கே இருக்கிறது. கேட்காத காலத்தில் ஆயுள் முழுவதும் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் ரீட்டா. கேட்கிற காலத்தில் பலர் ஒரு பிற்பகலில் முடித்துக்கொள்கிறார்கள்.

எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். பெர்சிஸ் கம்பாட்டா ஹாலிவுட் போனார். 1997-ல் இந்திய அழகிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதன் வருமானத்தில் ஒரு பகுதியை அன்னை தெரசாவின் சபைக்குக் கொடுத்தார். 2001-ல் மிஸஸ் வேர்ல்ட் பட்டத்தை இந்தியாவுக்கு முதன்முதலில் கொண்டுவந்த அதிதி கோவித்ரிகர், ரீட்டா படித்த அதே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். 2017-ல் உலக அழகியான மானுஷி சில்லரும் அப்போது மருத்துவ மாணவி. மாதவிடாய்ச் சுகாதாரத்தைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டு, வீட்டில் பேச வெட்கப்படும் விஷயத்தை மேடையில் பேசினார். 2022-ல் மிஸஸ் வேர்ல்ட் ஆன சர்கம் கௌஷல் ஜம்முக்காரர். கணவர் கடற்படையில் இருந்ததால் இதே ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர்.

பட்டம் வென்றவர்களில் நம் திருப்பதிக்கு இன்று மிகவும் தேவைப்படுபவர் யார் என்று கேட்டால், நான் ஒரு தாய்லாந்துப் பெண்ணைச் சொல்வேன். 2025 மே 31 அன்று ஹைதராபாத்தில் 72-வது உலக அழகிப் பட்டம் வென்ற ஓபல் சுசாதா. 16 வயதில் மார்பில் ஒரு கட்டி தெரிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். அது புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பயத்தை அவர் மறக்கவில்லை. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். சொந்த உடம்பில் பட்ட பயத்திலிருந்து வந்த சேவை அது. அதனால்தான் அவர் பேசும்போது மனப்பாடம் செய்த தொனி இல்லை.

திருப்பதியில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஸ்விம்ஸ் மருத்துவமனையின் ‘பிங்க் பஸ்’ கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறது. டாடா அறக்கட்டளை ஆதரவில் அலிபிரிப் பக்கம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையே எழுந்திருக்கிறது. 2018-ல் ரத்தன் டாடா வந்து அடிக்கல் நாட்டினார். சித்தூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. வட ஆற்காட்டோடு இருந்து 1911-ல் தனி மாவட்டமான ஊர் என்பதால், சித்தூர்ப் பக்கம் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாகப் பேசுபவர்கள் ஏராளம். பெரிய வியாதி என்றால் வேலூருக்குப் பஸ் ஏறுவது அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம்.

பிங்க் பஸ் ஊருக்கு வந்து நின்றாலும் பெண்கள் அதில் ஏற வேண்டுமே. மார்பில் கட்டி இருப்பதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைத்துவைக்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ‘எனக்கு ஒண்ணுமில்லீங்க’ என்று கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். சீசனில் தோத்தாபுரி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு, பரிசோதனைக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே முகாமை எந்த மாதம், எந்தக் கிழமை வைப்பது என்பதில் தொடங்கி, முதல் பெண்ணின் கையைப் பிடித்துப் படியேற்றுவது வரை ஒரு ஆள் வேண்டும். ஊர்க்காரியாக இருக்க வேண்டும், டுவாக்ரா மகளிர் சுயஉதவிச் சங்கத்துப் பெண்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், எல்லோரும் திரும்பிப் பார்க்கிற முகமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. ‘நானே போன மாசம் பண்ணிக்கிட்டேன் அக்கா, வலிக்கவே இல்லை’ என்று பட்டம் பெற்ற ஒருத்தி சொன்னால், அந்தப் பின்வரிசையிலிருந்து பத்துப் பேராவது முன்னால் வருவார்கள். டாக்டர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கிடைக்காத பலன் அது.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டம் வென்ற கல்யாணமான அழகிகளைப் பேட்டி எடுப்பவர்கள், சமையலையும் சேவையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தவறாமல் கேட்கிறார்கள். அவர்களும் குடும்பத்தின் ஆதரவு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளி வேன் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் நிற்கும் மாமியார், ராத்திரி வீட்டுப்பாடம் பார்க்கும் கணவர், ‘அம்மா இன்னிக்கும் லேட்டா?’ என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போகும் பிள்ளை. ஒரு பெண் ஊருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இவர்கள் விட்டுக்கொடுத்த மணி நேரம். அதை ஒரு போட்டோவுக்காகவும் சால்வைக்காகவும் செலவழிப்பது அந்த மாமியாருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். மாதத்தில் ஒரே ஒரு நாள் போதும். ஆனால் அதே நாள், அதே மருத்துவமனை, அதே வேலை. பட்டம் அடுத்தவருக்குப் போன பிறகும் அந்த நாள் இவருடையதாகவே இருக்க வேண்டும்.

போட்டி நடத்துபவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பட்டம் சூட்டும் ஆண்டில் செய்த சேவைக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். மூன்று வருஷம் முன்னால் பட்டம் வென்றவர் இப்போது என்ன செய்கிறார் என்று மேடையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். யாருக்கு அடுத்த கிரீடம் என்பதைவிட, அந்தத் தகவலை ஊர் கூர்ந்து கேட்கும்.

கடைசியாக, இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய அரசுத் திட்டமே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உங்கள் ஊருக்குப் பட்டம் பெற்றவர் யாராவது வந்தால், செல்ஃபி எடுத்துக்கொண்ட கையோடு, பரிசோதனைக்கு எங்களோடு வருகிறீர்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)